திறக்கிற பக்கம்

கடையில் விற்கிற இரும்பு ஸ்டாண்டைப் பெட்டிக்காரர் நம்பவில்லை. பெயின்ட் அடித்த இரும்பு என்பது பவுடர் பூசிய முகம். கழுவிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். பற்றவைத்த இடத்தில் பொத்தல் இருந்தாலும் கறுப்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, யானையே ஏறி நிற்கலாம் என்பான் கடைக்காரன். எந்த யானை ஏறியது, யார் பார்த்தார்கள்? கடைக்காரன் பல்லைக் காட்டினால் நாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் தச்சனைக் கூப்பிடலாமே என்றாள் அவர் மனைவி. தச்சன் மட்டும் என்ன வாழ்ந்தது? பாதி வேலையில் சாமான் வாங்கி வருகிறேன் என்று போவான், மீதிப் பாதிக்கு நாம் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். கூலர் வைக்கத் தேவை நாலு கால், ஒரு தட்டு. இதற்கு ஊராரைக் கெஞ்சுவானேன், நானே அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயை மூடுவதற்குள் சம்பந்தியம்மா சிரித்தாள்.

அந்தக் கூலரைக் கொண்டுவந்து இறக்கியதே அவள்தான், மருமகளைப் பெற்றவள். பேரனைப் பார்க்க வந்தவள், பார்த்ததும் முகம் சுண்டிப்போனாள். அவர்கள் குடியிருந்தது மாடி போர்ஷன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை. பகலெல்லாம் தளம் குடித்த வெயிலை ராத்திரியெல்லாம் கக்கும். இன்னும் தலை நிற்காத பிள்ளை, கழுத்திலிருந்து தொடை வரை வேர்க்குரு. பால் இழுக்க மாட்டேன் என்கிறது, தூங்க மாட்டேன் என்கிறது, அழுது அழுது குரல் கம்மிக் கோழிக்குஞ்சு மாதிரி கீச்சிடுகிறது. மருமகளுக்கும் கண் உள்ளே போய்விட்டது. இதைப் பார்த்த தாய்க்காரி சும்மா இருப்பாளா? இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று துணிமணியை எடுத்துப் பையில் திணிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் ஊர் ஒரு ராத்திரி முழுக்க ரயில் பயணம். போனால் வெயில் காலம் முடிந்துதான் திரும்புவார்கள். அதற்குள் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கும், குப்புற விழும், எல்லாம் அங்கேதான். பெட்டிக்காரர் பிள்ளையை முன்கையில் கிடத்திக்கொண்டு அறைக்கும் கூடத்துக்கும் நடந்து பழகியவர். அது இல்லாமல் இந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்கு இப்போதே கலக்கமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் அதையும் சேர்த்துப் பையில் கட்டிவிடுவாள்.

மனைவிதான் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அந்த அம்மாவுக்கு வாய்தான் கத்தி, மனசு வெண்ணெய் என்பது மனைவியின் கட்சி. பெட்டிக்காரர் வெண்ணெயைப் பார்த்ததில்லை, கத்தியைப் பார்த்திருக்கிறார். கடைசியில் அவள் இறங்கி வந்தாள். தன் காசில் ஒரு கூலரை வாங்கி, நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு ரயிலு. இது ஓடி எம் பேரன் கண்ணசந்தான்னா நான் மட்டும் போறேன். இல்லைன்னா மூணு பேரா போறோம். அப்புறம் யாரும் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

நானே ஸ்டாண்டு அடிக்கிறேன் என்று பெட்டிக்காரர் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குக் காரணம் அவருடைய தொழில். இயந்திரங்களை வைத்து அனுப்புகிற மரப்பெட்டி அடிக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. தலை நரைத்ததும் அங்கேதான், கை காய்த்ததும் அங்கேதான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டு ஓனருக்கும் தெருவுக்கும் அவர் பெட்டிக்காரர்தான்.

"பெட்டி அடிக்கிற கையாச்சே சம்பந்தி," என்றாள் அவள். "என் கூலரை உள்ள வச்சு ஆணியடிச்சு எங்கயாச்சும் அனுப்பிடப் போறீங்க."

அவளிடம் பேசி ஜெயித்தவன் என்று யாரும் இல்லை. அவள் புருஷனே பேச்சை விட்டுத் தலையாட்டப் பழகி வருஷக்கணக்காகிறது.

கூலரை அறைக்குள்ளேயே வைத்து ஓட்டினால் ஆகாது. உள்காற்றையே சுற்றிச் சுற்றி நனைத்து அறையைக் குளியலறை மாதிரி ஆக்கிவிடும். வெளியே நின்று வெளிக்காற்றை இழுத்து உள்ளே ஊத வேண்டும். அறையின் ஜன்னல் கம்பி இல்லாத ஜன்னல், அகலமானது. அதற்கு வெளியே கீழ்வீட்டு ஜன்னலுக்கு மழை படாமல் இருக்கப் போட்ட சன்ஷேடு நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஸ்டாண்டு, ஸ்டாண்டின்மேல் கூலர், கூலரின் வாய் ஜன்னலுக்குள். கணக்கு இவ்வளவுதான்.

சன்ஷேடுக்குக் கீழே சந்து. சந்தில் தையல்காரர்.

கீழ்வீட்டுத் தையல்காரர் வெயில் காலத்தில் வீட்டுக்குள் உட்கார முடியாமல் மிஷினைச் சந்துக்கு இழுத்துவந்துவிடுவார். மேலேயிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கைத் தலை மட்டும் வெள்ளை முட்டை மாதிரி தெரியும். அவருக்கும் மாடி வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து கிடந்தது. எப்போதோ மாடியில் காயப்போட்ட ஈரத்துணி அவர் தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைமேல் சொட்டிச் சாயம் இறங்கிவிட்டது. அவர் ஓனரிடம் போய்ச் சொல்ல, ஓனர் மேலே வந்து கத்த, அன்றோடு சரி. இப்போது கூலர் வைக்கவும் ஓனர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: தையல்காரர் ஒரு வார்த்தை குறை சொன்னால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

பெட்டிக்காரர் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் வேலையை வைத்துக்கொண்டார். பட்டறையில் கழித்துப்போட்ட பைன் மரக் கட்டைகளைச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்திருந்தார். சன்ஷேடு மழைத்தண்ணீர் வடிவதற்காக வெளிப்பக்கம் சரிந்திருந்தது; அதைக் கவனிக்காமல் நாலு காலையும் ஒரே உயரத்துக்கு அறுத்தால் கூலர் குனிந்து சந்தை எட்டிப் பார்க்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, வெளிப்பக்கத்துக் கால் இரண்டையும் இரண்டு விரல்கடை நீளமாக விட்டார். வழுக்காமல் இருக்கக் காலடியில் பழைய டயர்த் துண்டு. மூலைமட்டத்தை வைத்து மூலை மூலையாகச் சரிபார்த்தார். ஒவ்வொரு பக்கத்தையும் தரையில் கிடத்தித் தனித்தனிச் சட்டமாக அடித்துக்கொண்டு, பிறகு நாலு சட்டத்தையும் நிறுத்தி ஒன்றோடொன்று பூட்டுவது அவர் பழக்கம். பட்டறையில் பெட்டி எழும்புவது அப்படித்தான்.

பூட்டுகிற நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா மேலே ஏறி வந்தாள். வந்தவள் தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தாள். இந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கும்போதே தளத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள். மகளுக்கு வாய் இல்லை, அது யார் குணமோ என்றாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறேன் என்று ஊர் ஊராகப் போய்விடுகிறார், ராத்திரி பிள்ளையை யார் தூக்குவது என்றாள். நான்தான் தூக்குகிறேன் என்று பெட்டிக்காரரின் வாய்வரை வந்தது. வாயில் ஆணி இருந்ததால் சொல்லவில்லை. அவள் பேசப் பேச இவருக்குக் காது சூடேறியது. ஆணியைக் கடித்துக்கொண்டு அடித்தார். கை அதுபாட்டுக்கு இடுப்பு ஆணிப்பையில் புகுந்தது, ஆணி எடுத்தது, வைத்தது, அடித்தது. முடிந்ததும் வீட்டுக்கதவுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயின்டைத் தலையிலிருந்து கால் வரை இரண்டு பூச்சு பூசிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனும் அவரும் ஸ்டாண்டை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே வைத்தார்கள். அதன்மேல் கூலரை நகர்த்தி உட்காரவைத்தார்கள். ஓரத்து இடைவெளியை அட்டை வைத்து அடைத்தார்கள். மகன் ஸ்டாண்டை ஒரு தட்டுத் தட்டி, "கல்லு மாதிரி இருக்குப்பா," என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டான். மருமகள் கூலர் தொட்டியை வாளி வாளியாக நிரப்பினாள். சுவிட்சைப் போட்டதும் முதலில் பழைய புல் வாசனை வந்தது, பிறகு ஈரம், பிறகு ஒரு குளிர்ச்சி. பிள்ளை கொஞ்ச நேரம் திகைத்த மாதிரி கூரையைப் பார்த்தது. மருமகள் மடியில் போட்டாள், பால் இழுத்தது. இழுத்துக்கொண்டே தூங்கிப்போனது.

வீட்டில் யாரும் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடுமோ என்று பயம். மருமகளும் பிள்ளை பக்கத்திலேயே சரிந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். சாப்பாடு ஆகி, மத்தியானம் ஏறியும் அசைவில்லை. சம்பந்தியம்மா நுனிக்காலில் நடந்துபோய்க் கட்டி வைத்திருந்த மூன்று பையில் இரண்டை அவிழ்த்து, துணியை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். மனைவி பெட்டிக்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்த வயசில் அவளிடம் அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

அவ்வளவும் நன்றாகத்தான் இருந்தது. அவர் சாமானை ஒதுங்கவைக்கப் போகாமல் இருந்திருந்தால்.

இடுப்பில் கட்டுகிற ஆணிப்பையில் இரண்டு பாக்கெட். இடதில் நீள ஆணி, வலதில் குட்டை ஆணி. டப்பாவில் கொட்டி வைக்கலாம் என்று கவிழ்த்தார். இடது பாக்கெட்டில் எதிர்பார்த்த அளவு மிச்சம் இருந்தது. வலது பாக்கெட்டிலிருந்து மூன்றோ நாலோ ஆணி விழுந்தது, அவ்வளவுதான்.

அவர் பையை உதறினார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். பட்டறையிலிருந்து கிளம்பும்போது வலது பாக்கெட் புடைத்துக்கொண்டிருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இந்த ஸ்டாண்டில் குட்டை ஆணிக்கு ஒரு வேலையும் கிடையாது. அப்படியானால் எங்கே போயிற்று?

எங்கே போயிற்று என்று மனசு கேட்டபோதே கை பதில் சொல்லிவிட்டது.

ஒரு இயந்திரப் பெட்டிக்கு மூன்று பக்கம் நீள ஆணி. மறுபுறம் வந்த நுனியை மடக்கி அடிப்பார்கள், கப்பல் ஆடினாலும் லாரி குலுங்கினாலும் விடாது. கடைசியாகப் பூட்டுகிற நாலாவது பக்கம் மட்டும் குட்டை ஆணி. அதுவும் தள்ளித் தள்ளி, நுனி மடக்காமல். போய்ச் சேருகிற இடத்தில் பெட்டியைப் பிரிப்பவன் நெம்புகோலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் கதவு மாதிரி வந்துவிட வேண்டும், உள்ளே இருக்கிற இயந்திரத்துக்கு அடி படக்கூடாது. அதற்குத் திறக்கிற பக்கம் என்று பெயர். நேரே அமுக்கினால் எவ்வளவும் தாங்கும். இழுத்தாலோ ஆட்டினாலோ விட்டுவிடும். விடுவதற்கென்றே அடிப்பது. நாலாவது பக்கம் வந்ததும் கை தானாக வலது பாக்கெட்டுக்குப் போகும். யோசிக்க வேண்டியதே இல்லை. பட்டறையில் அந்தப் பக்கத்தில் சிவப்பில் ஒரு அம்பு போடுவார்கள். இங்கே அம்பு இல்லை. தலை முதல் கால் வரை பச்சை.

எந்தப் பக்கத்தைக் கடைசியாகப் பூட்டினோம் என்று யோசித்தார். சம்பந்தியம்மா மாப்பிள்ளையைப் பற்றிப் பேசியது நினைவு வந்தது. மகளுக்கு வாய் இல்லை என்றது நினைவு வந்தது. கை எந்தப் பக்கம் இருந்தது என்பது மட்டும் வரவில்லை. சுவர்ப் பக்கமா? பக்கவாட்டா? அல்லது சந்தைப் பார்த்த பக்கமா?

ஜன்னல் ஓரம் போய்க் குனிந்து பார்த்தார். கூலர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் கீழே சுவர்ப் பக்கத்துச் சட்டம் ஒரு சாண் தெரிந்தது. ஆணித்தலையெல்லாம் பெயின்டில் மூழ்கிக் கிடந்தது. ஸ்டாண்டில் விரலை வைத்தார். மோட்டார் அதிர்வு விரலில் ஏறியது, தொட்டித் தண்ணீர் உள்ளே தளும்புவதும் தெரிந்தது. ஆட்டம். நிற்காத ஆட்டம். கீழேயிருந்து தையல் மிஷின் கடகடவென்று ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

பிள்ளை தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டியது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளை விழிக்கும், அழும். அலமாரிக்குப் போன துணி பைக்குத் திரும்பும். காரணம் சொன்னால் இன்னும் மோசம். தையல்காரர் ஓனரிடம் போவார், கூலர் கீழே இறங்கும், சாயங்காலம் மூன்று பேர் ரயில் ஏறுவார்கள். சொல்லாமல் இருந்தால்? காலையிலிருந்து நிற்கிறது, சாயங்காலம் வரை நிற்காதா? வெயில் இறங்கியதும் தையல்காரர் மிஷினை உள்ளே இழுத்துக்கொள்வார். சம்பந்தியம்மா ரயில் ஏறிவிடுவாள். அப்புறம் சத்தமில்லாமல் பிரித்து அடித்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். என்ன, இடையில் ஒரு மனுஷனின் தலை இருக்கிறது.

அந்த ஆளைக் கொஞ்ச நேரத்துக்கு அங்கிருந்து கிளப்பிவிட்டால் போதும். அவர் படி இறங்கிப் போனார்.

சந்து முனையில் நின்று, கூலரிலிருந்து தண்ணீர் சொட்டினாலும் சொட்டும், கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தார். தையல்காரர் மிஷினை நிறுத்தவில்லை. சொட்டினால் ஓனர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னார். வெயில் சந்துக்குள் வருகிறதே என்று சொல்லிப் பார்த்தார். உங்கள் கூலர் நிழல் தருகிறது, இன்றைக்குத்தான் சுகமாக இருக்கிறது என்று பதில் வந்தது. மேலும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார் அந்த மனுஷன். பெட்டிக்காரருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கால்சட்டை ஒன்று தைக்க வேண்டும், வீட்டுக்குள் வந்து அளவெடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டார்.

தையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அறுந்து கிடந்த பேச்சு கால்சட்டையால் ஒட்டுகிறதா என்று அவருக்குச் சந்தேகம். ஆனாலும் வருகிற வேலையை யார் விடுவார்? "வீட்டுக்குள்ள இருட்டு," என்று சொல்லிக் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். "இங்கயே நில்லுங்க. கையைத் தூக்குங்க."

இப்படியாகப் பெட்டிக்காரர் தான் அடித்த ஸ்டாண்டுக்கு நேர் கீழே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். டேப் இடுப்பைச் சுற்றியது. சன்ஷேடு விளிம்புக்கு வெளியே தலையைச் சாய்த்து அவர் அண்ணாந்து பார்த்தார். வெளிப்பக்கத்துச் சட்டம் முழுசாகத் தெரிந்தது. பச்சை ஒரே சீராக இருந்தது, இடது மூலையைத் தவிர. அங்கே அது பக்கவாட்டுச் சட்டத்தோடு சேருகிற இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. பெயின்ட் காய்ந்து வெடித்ததா? மரம் விலகுகிறதா? காலையில் இருந்ததா இல்லையா? அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். கோடு அகலமாவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"மூச்சைப் பிடிக்காதீங்க," என்றார் தையல்காரர். "அப்புறம் பட்டன் தெறிச்சா என்னைத் திட்டுவீங்க."

அப்போது மேலே வாளி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா தொட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டதென்று ஊற்றத் தொடங்கியிருந்தாள். பேரன் தூங்குகிற சந்தோஷத்தில் கை தாராளமாகப் போனது. ஒரு வாளி. அடுத்த வாளி. தண்ணீர் இறங்குவது சந்து முழுக்கக் கேட்டது. மூலையிலிருந்து டக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. விரல் சொடுக்கின மாதிரி. தையல்காரர் தொடை அளவு எடுக்கக் குனிந்திருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

"டெய்லரே, எந்திரிங்க. மிஷினைப் பிடிங்க, அந்தப் பக்கம் நகத்துவோம்."

"ஏன், அளவு முடியலையே."

"மேல நிக்கிறது நான் அடிச்சது. அதுல ஒரு பக்கம் விட்டுடும். எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல."

தையல்காரர் அண்ணாந்து பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். இரண்டு பேரும் மிஷினை ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சந்தின் கோடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய் வைத்த பிறகுதான் அந்த மனுஷனுக்கு வாய் வந்தது.

"எவ்வளவு நேரமா தெரியும் உங்களுக்கு?"

பெட்டிக்காரர் மாடிப்படியைப் பார்த்துத் திரும்பினார்.

"கால்சட்டைக்குன்னு நெனச்சு நான் அளந்தேன். நீங்க என்னைப் பெட்டியில போடறதுக்கு அளவு பாத்திருக்கீங்க."

மேலே போய் அவர் சுவிட்சை அணைத்தார். கூலர் சத்தம் நின்றதும் வீடு திடீரென்று செவிடான மாதிரி இருந்தது. பிள்ளை கண்ணைத் திறந்தது. முகம் கோணியது. சம்பந்தியம்மா வாளியோடு திரும்பினாள். யார் நிறுத்தினார்கள் என்று கேட்க வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் யாரும் சாயக் கூடாது என்றார் அவர். குட்டை ஆணியைச் சொன்னார், நாலாவது பக்கத்தைச் சொன்னார், கீழே உட்கார்ந்திருந்த ஆளைச் சொன்னார். அவருக்கு நீட்டி முழக்கத் தெரியாது; சொல்லி முடிக்கப் பிள்ளை ஒரு மூச்சு அழுகிற நேரம்தான் ஆயிற்று. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சம்பந்தியம்மா வாளியைக் கீழே வைத்தாள். "நான் மேல வந்து பேசிக்கிட்டிருந்தப்ப அடிச்சதா?"

அவர் கூலர் பக்கம் திரும்பினார். அவள் அதற்குமேல் கேட்காமல் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

கூலரின் பக்கத்துப் புல் தட்டியைக் கையை வளைத்துக் கழற்றி, தொட்டியிலிருந்து குவளை குவளையாக மொண்டார். ஒவ்வொரு குவளையையும் தொட்டியில் உரசாமல் எடுத்தார். கை இடித்தாலே போய்விடுமோ என்று. சம்பந்தியம்மா வாளி பிடித்தாள், மனைவி கொண்டுபோய்க் கொட்டினாள். மருமகள் பிள்ளையைத் தோளில் போட்டு ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு நின்றாள். பிள்ளை வீறிட்டது. காலையிலிருந்து சேர்த்துவைத்த குரலெல்லாம் இப்போது வந்தது. தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்ததும் மூன்று பேருமாகக் கூலரைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் சம்பந்தியம்மா கூலரோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்காரர் ஸ்டாண்டை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

தையல்காரர் வாசலில் வந்து நின்றிருந்தார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

பெட்டிக்காரர் சுவர்ப் பக்கத்துக் காலைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. பக்கவாட்டுச் சட்டங்களை இழுத்தார். அசையவில்லை. சந்தைப் பார்த்த பக்கத்தில் இடது காலைப் பிடித்தார். நெம்புகோல் எடுக்கவில்லை, சுத்தியல் எடுக்கவில்லை. இரண்டு விரலைக் கொடுத்து இழுத்தார். அந்தப் பக்கம் முழுசாக, ஒரு முனகல்கூட இல்லாமல், அலமாரிக் கதவு மாதிரி திறந்து வந்தது. ஓரத்தில் குட்டை ஆணிகள் பால் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேர்த்தியான வேலை! பட்டறை மேஸ்திரி பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

தையல்காரரின் கை தானாக மேலே போய் வழுக்கையைத் தடவியது.

பிள்ளை விடாமல் அழுதது. சம்பந்தியம்மாவின் பார்வை அலமாரிப் பக்கம் போய் வந்தது. பெட்டிக்காரருக்கு அது தெரிந்தது. முடிந்தது என்று அவர் பிரிந்த சட்டத்தைச் சுவரில் சாய்க்கப் போனார். அப்போதுதான், வாய் இல்லாத பெண் என்று தாயே சொன்ன மருமகள் வாயைத் திறந்தாள்.

"ஏன் நிக்கிறீங்க மாமா, அடிங்க. அவன் அழுதா அழட்டும். நான் எங்கயும் போகல."

அவர் உட்கார்ந்து அடித்தார். குட்டை ஆணியெல்லாம் பிடுங்கி எறிந்தார். சம்பந்தியம்மா எதிரே உட்கார்ந்துகொண்டு நீள ஆணியை ஒவ்வொன்றாக எடுத்து, தன் விரலோடு வைத்து நீளம் பார்த்து, பிறகுதான் கொடுத்தாள். மற்ற நாளாக இருந்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். இன்றைக்கு அந்த ஆணியை வாங்கி, அவரும் ஒருமுறை நீளம் பார்த்துக்கொண்டார். நுனியெல்லாம் மறுபக்கம் மடக்கி அடித்தார். மூலைக்கு மூலை குறுக்குக்கட்டை கொடுத்தார். ஸ்டாண்டை வெளியே வைத்ததும் கம்பியை முறுக்கி ஜன்னல் நிலையில் இறுக்கிக் கட்டினார். கூலரைத் தூக்கி வைக்கத் தையல்காரரும் ஒரு கை கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஓனர்கிட்ட நான் போகல. ஆனா ஒண்ணு. தண்ணி ரொப்பி, ஓட்டி, சாயங்காலம் வரைக்கும் என் ஸ்டூல்ல நீங்க உக்காருங்க. மேல நான் நின்னு பாத்துக்கறேன்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நியாயந்தான்," என்றாள் சம்பந்தியம்மா. வாளியை எடுத்துக்கொண்டாள்.

பெட்டிக்காரர் கீழே போனார். மிஷினை இழுத்துப் பழைய இடத்தில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். அடித்த கைக்குத்தான் அடித்தவனின் லட்சணம் தெரியும். முதல் வாளி இறங்கியது. அவர் மிதிகட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாளி. முதுகெலும்பு தானாகக் குறுகியது. தொட்டி நிரம்ப நிரம்பத் தண்ணீர் விழுகிற சத்தம் மாறிக்கொண்டே வந்தது, கடைசியில் சத்தமே இல்லாமல் இறங்கியது. மோட்டார் ஓடத் தொடங்கியது. டயர்த் துண்டிலிருந்து கொஞ்சம் தூசி அவர் தோளில் விழுந்தது. தூசிதான். காதைத் தீட்டிக்கொண்டு மூலையைக் கேட்டார். பிள்ளையின் அழுகைதான் கேட்டது. பிறகு அது விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு கேட்கவில்லை, தூங்கிவிட்டதா, மோட்டார் சத்தம் அமுக்கிவிட்டதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கலாம் என்று அண்ணாந்தார். ஜன்னல் ஓரத்து அட்டையை விலக்கிக்கொண்டு தையல்காரரின் தலை எட்டிப் பார்த்தது. உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, உட்கார் உட்கார் என்று கையை அமர்த்தியது.

வெயில் சந்தை விட்டு ஏறுகிறவரை அவர் அங்கேயே இருந்தார். வேலை எதுவும் இல்லாமல் உட்காருவது வழக்கமில்லாத உடம்பு. யாரோ பாதி தைத்துவைத்த சட்டையின் கையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

சம்பந்தியம்மா ரயிலுக்குக் கிளம்பி வந்தாள். கையில் ஒரே ஒரு பை. பேரன் தூங்குகிறான், எழுப்பாமல் முத்தம் கொடுத்துவிட்டு வந்தேன் என்றாள். வெயில் தணிகிறவரை வாராவாரம் ஸ்டாண்டை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் தலையாட்டினார். தெருவுக்குப் போகச் சந்து வழிதான் உண்டு. அவள் இரண்டு அடி எடுத்து வைத்தாள், நின்றாள், மேலே பார்த்தாள். பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் முதுகு உரச உரச, பக்கவாட்டில் நடந்து அந்த இடத்தைத் தாண்டிப் போனாள்.

பெட்டிக்காரருக்குக் கோபம் வரவில்லை. அவராக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்.